சிறு பொறிக்கு ஓர் உரைபெயர்ப்பாளர்



பாசிக்குடாவின் ஆழங்குறைந்த கடலிலே உலாவப் பெருங்கப்பல் வேண்டுவதில்லை. சிறு தோணியே போதும். கணினிகளுள்ளும் ஆழங்குறைந்தவை உண்டு. விசையழுத்தத்தை அறிதல், எழுத்தைத் திரையில் இடுதல், தரவைச் சேமித்தல் என்னும் சில பணிகளுக்கு மேல் அறியாத சிற்றியங்குதளம் கொண்டவை அவை. அவற்றுக்கேற்ற தோணி எது?

நீதிமன்றத்தில் சாட்சி ஒரு வாக்கியம் கூறியதும் உரைபெயர்ப்பாளர் அதனை உடனே பெயர்த்துரைக்கிறார். முழுச் சாட்சியமும் முடியும்வரை காத்திருப்பதில்லை. கணினியினுள் இப்பணியைச் செய்யும் நிரலும் அத்தகையதே. அது ஒரு வரியை வாங்குகிறது, சொற்களாகப் பிரிக்கிறது, இலக்கணத்தைச் சோதிக்கிறது, பின்னர் ஏவலை நிறைவேற்றுகிறது. இரண்டுடன் மூன்று நான்கின் பெருக்கத்தைக் கூட்டச் சொன்னால், 20 என்று மயங்காது 14 என்று விடை தருவதற்கும் இவ்விலக்கணமே காரணம்.

1975 ஆம் ஆண்டில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. டெனிஸ் அலிசன் என்பார், ஏழெட்டு வயதுச் சிறாரையும் மனத்திற்கொண்டு, ‘டைனி பேசிக்’ என்னும் மொழிக்குத் திட்டம் வகுத்தார். முழு எண்கள் மட்டும். மாறிகள் 26 மட்டும். திட்டம் அச்சில் வெளிவந்தது; வாசகர்களே அதனை எழுதி முடித்தனர். 4 கிலோபைட்டுக்குள் அம்மொழி அடங்கிற்று.

தமிழில் ஏவினால் என்ன? முத்தையா அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ என்னும் மொழி அதனைச் செய்து காட்டியது. அதுபற்றிய ஆய்வுரை 2009 இல் வெளியாயிற்று. நிபந்தனையை முன்னே வைத்து, ‘ஆனால்’ என்பதைப் பின்னே வைக்கும் அதன் நடை, தமிழ் வாக்கியத்தின் நடையே. எனினும், அது பைத்தன் என்னும் பெரிய மொழியின் தோளேறி நிற்பது; சிறு பொறிக்கு அச்சுமை தாங்காது.

இடர் மற்றொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிரிண்ட்’ என்னும் ஏவற்சொல்லுக்கு 5 பைட் போதும். எழிலின் ‘பதிப்பி’ என்னும் சொல்லுக்கோ, இன்று வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் 21 பைட் வேண்டும். இதற்கும் பழைய பேசிக் மொழிகளே வழி காட்டின: வரி உள்ளே வந்தவுடன், ஏவற்சொல்லை ஒரே பைட் குறியாக மாற்றிச் சேமிக்கலாம். அப்பொழுது இருமொழிச் சொற்களும் நினைவகத்தில் ஓரிடமே கொள்ளும்.

ஆகவே, குறை தமிழில் இல்லை. ஆங்கிலம் அறியாத காரணத்தால் மட்டக்களப்புச் சிறுவன் ஒருவன் பொறியின் முன் ஊமையாய் நிற்க வேண்டுவதில்லை. அவனுக்கு வேண்டியது, அவன் மொழியறிந்த ஒரு சிறு உரைபெயர்ப்பாளரே. அதனை எழுதுவோர் முன்வரவேண்டும்.