'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தான்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். நான் பி.காம். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் நம் கட்டடத்தில் மாடிக்கு இரண்டு பேர் இருக்கிறார்களே என்றேன். "அவர்கள் பேசினால் எங்களுக்குப் புரியாது சார், அதனால்தான் உங்களிடம் வந்தேன்" என்றார். அது பாராட்டுதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். கவுன்ட்டரில் என் கம்ப்யூட்டரின் மூலையில் அடிக்கடி ஒரு பெட்டி வரும்: அப்டேட் தயார், இப்போது செய்யலாமா, பிறகு நினைவூட்டலாமா? நான் எப்போதும் 'பிறகு'தான். எதிரே வரிசை நிற்கும்போது யார் 'இப்போது' அழுத்துவார்கள்? மூன்று வாரம் அப்படித் தள்ளினேன். அது பொறுத்துப் பார்த்துவிட்டு, மார்ச் 31 மாலை நான்கு மணிக்குத் தானாகவே மறுபடி தொடங்கியது. வருடக் கணக்கு முடிக்கும் நாள். திரையில் 30 சதவீதம் என்று நின்றது, நகரவே இல்லை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றதை இன்றும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அப்டேட் என்றாலே எனக்கு எரிச்சல். உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த எரிச்சலுக்கு என்ன விலை என்பதை 2017-இல் பிரிட்டன் காட்டியது. விண்டோஸில் ஃபைல்களைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்க, அந்த வருடம் மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் வெளியிட்டது. மே 12, வெள்ளிக்கிழமை, அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' என்ற வைரஸ் புகுந்தது. இடையில் 59 நாள். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கொடு என்று கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையின் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் அதே வருடம் அக்டோபரில் அறிக்கை தந்தது. தணிக்கை என்றால் வங்கிக்காரனுக்குக் காது நீளும். அப்டேட் போடும்படி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று பார்க்க முறையான ஏற்பாடு எதுவும் சுகாதாரத் துறையிடம் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் சர்க்குலர் ஃபைல் ஞாபகம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வரும். எல்லோரும் 'பார்த்தேன்' என்று சுருக்கொப்பம் போடுவோம். படிக்காமலே நான் போட்ட ஒப்பங்களை எண்ணினால் ஒரு லெட்ஜர் நிறையும். ஒப்பம் இருந்தால் வேலை முடிந்தது என்று மேலே நினைப்பார்கள், கீழே யாருமே தொட்டிருக்க மாட்டோம்.

அப்டேட்டை ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது என்று சொல்வது இதற்கான மாற்றுதான். பெரிய ஆபீஸ்களில் ஒரு சர்வர் அப்டேட்டுகளை ஒரு முறை இறக்கி வைத்துக்கொள்ளும். நூறு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டுக்கு ஓடாமல் அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எந்தப் பிரிவுக்கு எப்போது என்று பொறுப்பாளர் முடிவு செய்வார். வேலை நேரத்தில் மறுதொடக்கம் வராது, என் மார்ச் 31 நடக்காது. எல்லாவற்றையும் விட முக்கியம், சர்வரில் ஒரு பட்டியல் இருக்கும்: எதில் போட்டாயிற்று, எதில் பாக்கி, எதில் தோல்வி. அதில் சுருக்கொப்பத்துக்கு இடமில்லை. மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறது. அதில் இனிப் புது வசதி சேர்க்கப்போவதில்லை என்று 2024-இல் அறிவித்துவிட்டார்கள். இப்போது இன்டியூன் போன்ற கிளவுட் சேவைகள் பக்கம் தள்ளுகிறார்கள், மாதச் சந்தாவோடு.

அடுத்தது ஃபயர்வால். ஒரு கம்ப்யூட்டருக்கு எண் போட்ட கதவுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வான்னாக்ரை வந்தது 445-ஆம் எண் கதவு வழியாக. இன்டர்நெட் பக்கம் இருக்கும் ஃபயர்வாலைச் சரியாகக் கவனித்திருந்தால், அப்டேட் போடாத இடங்கள்கூடத் தப்பித்திருக்கும் என்கிறது அதே தணிக்கை அறிக்கை.

ஆனால் உள்ளே ஒன்றில் புகுந்துவிட்டால் அது பக்கத்துக் கம்ப்யூட்டரின் அதே கதவைத் தட்டும். நம் கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார் என்று யாராவது வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவோமா? அதுபோல ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வால் இயங்க வேண்டும். விண்டோஸிலேயே அது இருக்கிறது. பிரின்டர் வேலை செய்யவில்லை என்று வரும் மெக்கானிக் முதலில் அணைப்பது அதைத்தான். வேலை முடிந்ததும் போட மறந்துவிடுவார். விதியை ஒரே இடத்திலிருந்து அமைத்துவிட்டால் அந்தப் பொத்தான் மங்கிப்போகும், உட்கார்ந்திருப்பவர் அணைக்க முடியாது. எங்கள் கிளையில் அப்படி வந்தபோது, "என் கம்ப்யூட்டரில் எனக்கே உரிமையில்லையா" என்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். கேஷ் சேஃபுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரே கை எல்லாவற்றையும் பிடித்திருப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு தவறான அப்டேட் ஒரே நேரத்தில் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையத்திலேயே கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த இடங்களில் முதலில் நாலைந்து கம்ப்யூட்டரில் போட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு நாள் தாமதம் சரி. 59 நாள் சரியில்லை.

இப்போது நம் விஷயம். சங்க ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள்: கணக்கு, கேட் பதிவு, கேமரா. சி பிளாக் தம்பி ஒருவரை அழைத்துக்கொண்டு போன வாரம் பார்த்தேன். கேட் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் அணைந்திருந்தது. எப்போது, யார் அணைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கணக்குக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் பதினோரு வருட மெயின்டனன்ஸ் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது, வேறு எங்கும் பிரதி இல்லை. அன்று இரவே ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டோம். இயந்திரம் பழையது, விண்டோஸ் 11 ஏறாது. மாற்றுவதற்கான தீர்மானத்தைக் குழு முன் வைத்திருக்கிறேன். செலவு என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. கணக்கு பூட்டிக்கொண்டால் யார் எவ்வளவு பாக்கி என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்.

மூன்று கம்ப்யூட்டருக்குச் சர்வர் வேண்டாம். நிர்வாகி பாஸ்வேர்டைத் தனியாகப் பிரித்துவிட்டோம், இனி மெக்கானிக் கேட்டால்தான் கிடைக்கும். மைக்ரோசாஃப்டின் மாத அப்டேட் இரண்டாவது செவ்வாய் வரும், நமக்கு அன்று இரவாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலை நான் மூன்றையும் பார்த்து, அப்டேட் ஆயிற்றா, ஃபயர்வால் இயங்குகிறதா என்று நோட்டில் எழுதுவேன். இன்னொருவர் திரையைத் தானே பார்த்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

நோட்டு ஆபீஸ் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. இரண்டாவது கையெழுத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஏ பிளாக்கிலிருந்து யாராவது பெயர் கொடுங்கள், மாதத்துக்கு அரை மணி நேரம்தான். பஜ்ஜி ஆறுகிறது.