அஸ்திவாரம் தாய்மொழி; மாடி ஆங்கிலம்

(மடத்துக்குளத்தில் இளைஞர்கள், வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஆங்கிலம் வந்தால் திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் பேசலாம். அரபி வந்தால் வளைகுடாவில் பிழைக்கலாம். இப்படி எண்ணித்தான் மூன்று வயதுப் பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியில் சேர்க்கிறோம். ஆசை சரிதான், வரிசைதான் தவறு.

இன்றிரவே சோதித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவனது ஆங்கிலப் பாடத்தின் பொருளைச் சொந்த வார்த்தையில் கேளுங்கள். முன்னதில் எழுத்துக் கூட்டித் திணறி, பின்னதை வெறுமனே ஒப்பித்தால், நீங்கள் கட்டிய பணத்திற்கு ஒரு மொழியும் முழுதாக வரவில்லை என்று பொருள்.

மதரஸாவில் நான் கண்டதைச் சொல்கிறேன். அரபி இலக்கணத்தில் சொற்கள் மூன்று வகை: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. தமிழில் பெயர், வினை, இடைச்சொல் என்று ஒழுங்காகப் படித்து வந்த மாணவனுக்கு அது ஒரே நாளில் விளங்கியது. படிக்காதவன் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்தான். தாய்மொழியில் விளங்கிய கருத்துக்கு அடுத்த மொழியில் பெயர் மட்டுமே புதிது.

யுனெஸ்கோ 1953-லேயே கல்வியைத் தாய்மொழியில் தொடங்கச் சொன்னது. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-வது பிரிவும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கட்டும் என்கிறது.

கண்ணியமிக்க காயிதே மில்லத் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி விவாதத்தில் எழுந்தார். தொன்மையே அளவுகோல் என்றால் தமிழுக்குத்தான் அந்தத் தகுதி என்று வாதாடினார். வாதாடியது ஆங்கிலத்தில்! தமிழ்ப் பற்று அவரது ஆங்கிலத்தைக் குறைத்துவிடவில்லை.

வீட்டில் உர்து பேசுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். உர்துவை எழுதப் படிக்கக் கற்றுக் கொடுங்கள். ஊர்மொழியாம் தமிழையும் சேர்த்தே ஊட்டுங்கள்.

ஆங்கில வழியில் சேர்த்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம். கடையடைத்து வந்ததும் கால் மணி நேரம் பிள்ளையைத் தமிழில் வாசிக்க வைத்து, அத்தா கூட உட்கார்ந்து கேளுங்கள். அன்று பள்ளியில் நடந்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மாலை மதரஸாவில் ஓதும் சூராவுக்குத் தமிழில் பொருள் கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசினால் அதட்டும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டும் கொத்தனாரிடம் நீங்கள் வீட்டை ஒப்படைப்பீர்களா? பிள்ளையை மட்டும் ஏன் ஒப்படைக்கிறீர்கள்? சிந்தியுங்கள்.