பிள்ளைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னால் என்ன செய்வது?



தலைப்பிள்ளை பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறவர்கள் உண்டு. யோசனை இல்லாமல் வருகிறவர்கள் கிடையாது. உரைமருந்து கொடு என்பார் ஒருவர், ஊசி போடு என்பார் இன்னொருவர். அதுகூடப் பரவாயில்லை. படித்த டாக்டர்களே ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொன்னால்? தாய் மிரண்டு போகிறாள். "உங்க அம்மா சொன்ன டாக்டர்", "எங்க ஊர் டாக்டர்" என்று புருஷன் பெண்சாதிக்குள் சண்டை மூளுகிறது. நடுவில் காய்ச்சலோடு பிள்ளை கிடக்கிறது.

ரெண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் சொன்னது தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல சமயம் வித்தியாசம் மருந்து பாட்டிலில்தான் இருக்கும்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு டாக்டர் 1 மில்லி கொடு என்கிறார், இன்னொருவர் 4 மில்லி கொடு என்கிறார். ஒருவர் எழுதியது சொட்டு மருந்து. அதில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். மற்றவர் எழுதியது சிரப். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால், 4 மில்லியில்தான் அந்த 100 மில்லிகிராம் வரும். ஆக ரெண்டு பேர் சொன்னதும் ஒன்றேதான்! ஆனால் சிரப்புக்குச் சொன்ன 4 மில்லியைச் சொட்டு மருந்தில் அளந்து ஊற்றினால், பிள்ளைக்கு நாலு மடங்கு மருந்து போய்விடும். ஈரலே கெட்டுப்போகலாம். (இது கணக்கு விளங்குவதற்காகச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) ரெண்டு டாக்டரும் எழுதிய மருந்துகளுக்கு மேலே பெயர் வேறு வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ரெண்டையும் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திலும் இதே குழப்பம். ஒருவர் 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கச் சொல்வார், ஒருவர் 200 மில்லியில் கரைக்கச் சொல்வார். பெரிய பொட்டலம் லிட்டருக்கு, சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் உப்பு மிஞ்சிப்போய் ஆபத்து. பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நர்ஸம்மாவிடம் காட்டுங்கள்.

இன்னொரு வித்தியாசம் காலத்தால் வருவது. "சித்திரை வெயில், பிள்ளைக்குத் தண்ணி குடு, நாலு மாசத்துலயே கஞ்சி ஊட்டு" என்பார் மாமியார். நர்ஸம்மாவோ ஆறு மாதம் வரை சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பார். மாமியார் மேல் கோபம் எதற்கு? அவர் பிள்ளை பெற்ற நாளில் டாக்டர்களே நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் கஞ்சி தொடங்கச் சொன்னார்கள். 2001-ல்தான் உலக சுகாதார நிறுவனம் முழுசாக ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மாற்றிச் சொன்னது. தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு தண்ணீர்தான். பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது. இதை மாமியாரிடம் மருமகள் சொன்னால் வாயாடி என்பார்கள். மகன் சொல்லலாமே!

சில சமயம் நிஜமாகவே ஒருவர் சொல்வது தப்பாகவும் இருக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரை சிறு பிள்ளைக்கு ஆகாது. கரைசலும் 14 நாள் துத்தநாக மருந்தும்தான் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. மருந்துக்கடைத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லையே. தொட்டுப் பார்த்து, எடை போட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அப்படிப் பார்த்த ரெண்டு டாக்டரே மாறிச் சொன்னால், பாதி இவர் மருந்து, பாதி அவர் மருந்து என்று கலக்காதீர்கள். முதல் டாக்டர் கொடுத்த சீட்டையும் பாட்டிலையும் ரெண்டாவது டாக்டரிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று மறைத்தால் நஷ்டம் நமக்கு. "அவர் இப்படிச் சொன்னார், நீங்க ஏன் மாத்துறீங்க? எதைப் பார்த்தா உடனே திரும்பி வரணும்?" என்று கேளுங்கள். கேட்கும்போது புருஷனும் கூட இருந்தால், வீட்டில் விளக்கம் சொல்லும் பாரம் அவள் ஒருத்தி தலையில் விழாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் நர்ஸம்மா, அவரிடமும் கேட்கலாம்.

ஆனால் சில நேரங்களில் யார் யோசனைக்கும் காத்திருக்கக் கூடாது. பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு கிடந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு உடம்பு சுட்டாலோ, நிமிஷத்துக்கு 60 தடவைக்குக் குறையாமல் மூச்சு வாங்கினாலோ, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தாய்சேய் நல அட்டையையும் அதுவரை கொடுத்த மருந்து பாட்டில்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குச் சூடு குறையாமல் தாயின் மார்போடு அணைத்தபடி கொண்டு போங்கள்.