‘ஐ செலக்டட்’னா வேலை யாருக்குக் கிடைச்சது?

இன்டர்வியூ முடிஞ்சு, வேலை கிடைச்ச சந்தோஷத்துல ஃப்ரெண்டுக்கு ஒரு மெசேஜ் போடுறோம்: ‘ஐ செலக்டட்’. சொல்ல வந்தது, என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. ஆனா படிக்கிறவருக்குப் புரியுறது, நான் யாரையோ தேர்ந்தெடுத்தேன். நடுவுல ஒரு ‘வாஸ்’ விட்டுப்போனதுல கேண்டிடேட்டே ஹெச்.ஆர். ஆயிட்டார்!

குழப்பம் எங்க வருது? ‘செலக்டட்’ங்கிற ஒரே சொல் ரெண்டு வேலை பார்க்குது. ஒண்ணு இறந்தகாலம். இன்னொண்ணு பாஸ்ட் பார்ட்டிசிபிள். ஸ்கூல்ல கிவ், கேவ், கிவன்னு வரிசையா மனப்பாடம் பண்ணோமே, அதுல மூணாவது. பேர்லதான் ‘பாஸ்ட்’ இருக்கு. பாஸிவ் வாக்கியத்துல அது காலம் காட்டாது. ‘இட் இஸ் கிவன்’, ‘இட் வாஸ் கிவன்’, ‘இட் வில் பி கிவன்’. பாருங்க, ‘கிவன்’ இடத்தை விட்டு அசையவே இல்ல. காலத்தை மாத்துறது முன்னாடி நிக்கிற இஸ், வாஸ், வில் பி மட்டும்தான்.

நமக்கு இது ஏன் சட்டுனு வர மாட்டேங்குது? பேச்சுத் தமிழ்ல செயப்பாட்டுவினை ரொம்ப அபூர்வம். ‘நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன்’னு யாராவது அம்மாகிட்ட போன்ல சொல்வோமா? ‘எடுத்துட்டாங்கம்மா’, அவ்ளோதான். யார் எடுத்தாங்கன்னு அம்மாவும் கேட்க மாட்டாங்க. அந்த ‘ட்டாங்க’ நல்ல க்ளூ. மனசுல ‘ட்டாங்க’ன்னு ஒரு வாக்கியம் வந்து, அந்த ஆள் யாருங்கிறது முக்கியமில்லைன்னா, இங்கிலீஷ்ல பெரும்பாலும் பாஸிவ் பொருந்தும். ‘போனைத் திருடிட்டாங்க’: ‘மை போன் வாஸ் ஸ்டோலன்’.

பாஸிவே எழுதாதீங்கன்னு சொல்ற டிப்ஸ் நிறைய சுத்துது. எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்ல. போன் தொலைஞ்சு நிக்கும்போது, பேர் தெரியாத திருடனை வாக்கியத்தோட முதல் சீட்ல உட்கார வைக்கணுமா என்ன?

ஆனா ஆள் முக்கியமான இடத்துல உஷாரா இருக்கணும். 1987 ஜனவரியில, ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெடிச்சிருந்த நேரம். அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் காங்கிரஸ்ல பேசும்போது ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’னு சொன்னார். பெரிய தவறுகள் செய்யப்பட்டன. சரி, செஞ்சது யாரு? வாக்கியத்துல ஆளே இல்ல. இலக்கணம் மட்டும் பக்கா.

அடுத்த தடவை ஆபீஸ் மெயில்ல ‘த ஃபைல் வாஸ் டெலீட்டட்’னு வந்தா, ‘பை ஹூம்?’னு ஒரு ரிப்ளை போட்டுப் பாருங்க.