எண்ணிட்ட சாலைகளும் எஞ்சிய பெயரும்

பெட்டாலிங் ஜெயாவின் வரலாற்றை நாம் ஒரு தோட்டத்தின் பெயரிலிருந்து தொடங்குவோம்.

அவசரகாலத்தின்போது கோலாலம்பூர் மக்கள் நெருக்கத்தால் திணறியது; புறம்போக்குக் குடியிருப்புகள் பெருகின. அந்நெருக்கடியைத் தணிக்க, எஃபிங்காம் என்னும் 1,200 ஏக்கர் ரப்பர்த் தோட்டத்தில் 1952இல் ஒரு துணைநகர் எழத் தொடங்கியது. கூட்டரசு நெடுஞ்சாலை அதனைத் தலைநகரோடு பிணைத்தது. காலையில் கோலாலம்பூருக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவோர் பலருக்கு அது உறைவிடமாயிற்று. தொழிற்சாலைகளும் பெருகின. 1977இல் நகராண்மைக் கழகம் அமைந்தது. 2006இல் அது மாநகரெனத் தகுதி பெற்றது.

அந்நகரின் சாலைகள் பலவற்றுக்குப் பெயரில்லை. பிரிவு எண்ணும் சாலை எண்ணுமே உண்டு. எண் வழிகாட்டும், அங்கே பால்மரம் வெட்டியோர் யாவர் என்று சொல்லாது. ஆயினும் பண்டார் உத்தாமாவில் இன்றும் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி இயங்குகிறது. தோட்டம் மறைந்தும், அதன் பெயரைத் தமிழ்ப்பள்ளி காத்து நிற்கிறது.

இத்தகைய தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் இன்னும் பல உள. ஆசிரியப் பெருமக்களே, அப்பெயர்களை நாள்தோறும் எழுதும் மாணவர்க்கு அவற்றின் வரலாற்றை நாம் உரைத்தல் வேண்டும். மாணவர்களே, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அவர்கள் நினைவில் உள்ளவை ஏட்டில் ஏறாவிடில், பெயர் மட்டுமே எஞ்சும். அதன் பொருள் நம்மோடு முடிந்துவிடும்.