மருதோன்றிச் சிவப்பு

நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாலைப்பொழுது. கிழக்கிலங்கையின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்றையொன்று தொடர்ந்து கிடக்கும் ஊர்களில் ஆண்கள் பிறை பார்க்கக் கூடி நிற்கின்றனர். வீடுகளின் உள்ளேயோ மற்றோர் ஆயத்தம் நடைபெறுகின்றது. வேலியோரச் செடியிலிருந்து பறித்து வந்த இலையை உம்மம்மா அம்மியில் வைத்து அரைக்கிறார். சிறிது தேசிக்காய்ப் புளியும், ஆறிய தேயிலைச் சாயமும் அதனுடன் சேர்கின்றன. பிறை கண்ட செய்தி வந்ததும் சிறுமியர் கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக அமர்ந்துவிடுகின்றனர். அரைத்த இலையின் பசுமணம் வீடெங்கும் பரவுகின்றது.

இந்த இலைக்கு நூல்களில் மருதோன்றி, மருதாணி, அழவணம் எனப் பல பெயர்கள் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் அது மருதோண்டி. மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் பெயர் தந்த மருத மரம் வேறு, இச்சிறு செடி வேறு. பெயரொலி கேட்டு இரண்டையும் ஒன்றென மயங்குதல் வேண்டா. சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753இல் இதற்கு லோசோனியா இனேர்மிஸ் என்று பெயரிட்டார். தம் நண்பரான லோசன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியரின் பெயரை முன்னும், முள்ளற்றது என்னும் பொருளுடைய சொல்லைப் பின்னும் வைத்தார். ஆயினும், செடி முதிர முதிரக் கிளைநுனிகள் முள்ளாவதை, இலை பறிக்கச் சென்று விரலிற் கீறல் வாங்கிய சிறுமியர் நன்கறிவர்.

மேனியழகைப் பேணுவதற்கென்று இன்று கடைகளில் விற்கப்படும் பொருள்களுக்கு அளவில்லை. கூந்தலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, நகத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் புட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை மூன்றுக்கும் ஒரே செடி எங்ஙனம் பயன்பட்டது? விடை எளிது. மயிரும் நகமும் தோலின் மேற்படையும் கெராற்றின் என்னும் ஒரே வகைப் புரதத்தினால் ஆனவை. மருதோன்றி இலையில் லோசோன் என்னும் நிறப்பொருள் உண்டு. இலையை அரைத்துப் புளிப்புச் சேர்த்துக் குழைக்கும்போது அந்த நிறப்பொருள் வெளிப்பட்டுக் கெராற்றினோடு பிணைந்துகொள்கின்றது. தேசிக்காய் சேர்த்த உம்மம்மாவின் கைப்பழக்கம் இரசாயன அறிவோடு முரண்பட்டதன்று.

கை கழுவிய காலையில் நிறம் செம்மஞ்சளாகவே இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் செல்லச் செல்ல, காற்றுப்பட்டு அது ஆழ்ந்த செங்கபில நிறமாக முதிரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்திருப்பதால் அங்கே நிறம் மிக ஆழ்ந்து பற்றும். புறங்கையில் வெளிறித் தோன்றும். தோலின் மேற்படை இடைவிடாது உதிர்ந்துகொண்டிருப்பதால் சில கிழமைகளில் கைநிறம் மறைந்துவிடும். நகம் மாத்திரம் அதனை எளிதில் விடாது. கைவிரல் நகம் மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே வளர்கின்றது. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையே ஏறத்தாழ 70 நாள்கள். இதற்குள் நகத்தின் அடியில் நிறமற்ற புதுப்பகுதி பிறைபோலத் தோன்றி வளர்ந்து பாதிக்கு மேல் ஏறிவிடும். பழைய சிவப்பு நுனியில் ஒதுங்கி நிற்கும். நாள்காட்டி பாராமலே, அடுத்த பெருநாள் நெருங்கியதை ஒரு சிறுமி தன் விரல் நகத்திலே கண்டுகொள்ளலாம்.

நகத்துக்கு இந்நிறமே உகந்ததென இவ்வூர்ப் பெண்கள் கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நகப்பூச்சு நகத்தின்மேல் ஒரு படலமாகப் படிந்து நீரைத் தடுத்துவிடுகின்றது. ஐவேளைத் தொழுகைக்கு வுழூச் செய்யும்போது நீர் நகத்திற் படவேண்டும். மருதோன்றியோ நகத்தினுள் ஊறும் சாயமேயன்றிப் படலமன்று; நீருக்கு அது தடையாவதில்லை. ஆகவே அழகும் வணக்கமும் ஒரே விரலில் முரணின்றி நின்றன. நகத்தை நாற்பது நாளுக்குமேல் வெட்டாது விடுதல் கூடாதென்ற மார்க்க வழக்கும் இதனோடு சேர்ந்தே பேணப்படுகின்றது. குளித்தபின் நகம் மென்மையாய் இருக்கும்போது வெட்டுவதும், ஓரங்களைத் தோண்டாது விடுவதும், மீன் கழுவியும் சவர்க்கார நீரில் துவைத்தும் ஈரமாகவே இருக்கும் விரல்களை இரவில் நன்கு துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவுவதும் நகத்துக்குப் போதிய பராமரிப்பாகும்.

கூந்தலுக்கு வருவோம். கரையோரப் பெண்களுக்குத் தேங்காயெண்ணெயே முதற்றுணை. அது வெறும் பழக்கமன்று. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி 2003இல் வெளியான இந்திய ஆய்வொன்று, மயிரிலிருந்து புரதம் கழிந்துபோவதைத் தேங்காயெண்ணெய் மாத்திரமே குறைத்தது என்று காட்டியது. மயிரின் உள்ளே புகவல்ல கொழுப்பமிலம் அதில் மிகுந்திருப்பதே காரணம். தலை முழுகுமுன் எண்ணெய் தடவி, செவ்வரத்தம் இலையைக் கசக்கிப் பெற்ற வழுவழுப்பான சாற்றால் தேய்த்து அலசுதல் பழைய முறை.

நரைத்த முடிக்கு மருதோன்றி செந்நிறம் தரும், கருநிறம் தராது. செம்பட்டைத் தாடியோடு பள்ளிவாசலுக்குச் செல்லும் முதியவர்கள் அதனைக் குறையாகக் கருதியதில்லை. கருமை விரும்பியோர் மருதோன்றி இட்டுக் கழுவியபின் அவுரி இலைக் குழம்பை இரண்டாவதாக இட்டனர். இரண்டு இலை, இரண்டு வேளை, அரை நாட் காத்திருப்பு! அந்தக் காத்திருப்பையே இக்காலம் பொறுக்க மறுக்கின்றது.

நேயர்களே, இப்பேச்சின் கருப்பொருளுக்கு வந்துவிட்டோம். பெருநாட் கடைகளிலும் திருமண அலங்காரங்களிலும் "கறுப்பு மருதோன்றி" என்ற பெயரில் ஒரு குழம்பு உலவுகின்றது. அரை மணியில் பற்றும், மையெனக் கறுக்கும், புறங்கையிலும் தெளிவாகத் தெரியும் என்பதே அதற்குக் கூறப்படும் பெருமை. ஆனால் கறுப்பு மருதோன்றி என்று ஒரு செடி உலகில் இல்லை. அக்கருமை பெரும்பாலும் பரா பினைலீன் டையமீன் என்னும் இரசாயனத்திலிருந்து வருவது. தலைமயிர்ச் சாயங்களிற் கலக்கப்படும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதனை மயிர்ச் சாயத்தில் மாத்திரம், நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாது, எச்சரிக்கைக் குறிப்புடன் சேர்க்கலாம். தோலில் இடுவதற்கு இடமில்லை. தெருவோரக் குழம்பில் அது எத்தனை பங்கு என்பதை இடுபவரும் அறியார், இடப்படுபவரும் அறியார்.

அதன் தீங்கு உடனே தெரிவதில்லை. அதுவே அதன் வஞ்சகம். பெருநாளன்று கை அழகாகவே இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று நாளிலும், முதன்முறை இட்டவருக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்தும் அரிப்பு உண்டாகும். பின்னர், வரைந்த பூவும் கொடியும் எவ்வாறு சென்றனவோ அவ்வாறே தோல் தடித்துக் கொப்புளிக்கும். புண் ஆறினாலும் அக்கோலம் வெளிறிய தழும்பாக மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

அதனோடும் முடிவதில்லை. ஒருமுறை அப்பொருளைப் பகையென அறிந்துகொண்ட உடல் வாழ்நாள் முழுவதும் அதனை மறப்பதில்லை. பத்து வயதிற் கையில் கொப்புளம் கண்ட சிறுமி, நாற்பது வயதில் நரை மறைக்கச் சாயம் பூசும் நாளில், தலையோடும் கண்ணிமையோடும் முகம் வீங்கி வைத்தியசாலைக்குச் செல்ல நேரிடலாம். குழந்தையின் கையில் ஒரு மாலைப்பொழுதுக்காக இட்டது, அவள் முதுமைவரை பின்தொடரும் கடனாகிவிடுகின்றது.

இதனை அறிந்துகொள்ளும் வழி அரிதன்று. உண்மையான இலைக்குழம்பு பச்சையாகவோ பசுமை கலந்த கபிலமாகவோ இருக்கும். இலை மணம் வீசும். பல மணி நேரம் கையிற் கிடக்கவேண்டும். முதலிற் செம்மஞ்சள் நிறமே தரும். குழம்பே மைபோலக் கறுத்திருந்தாலும், ஒரு மணிக்குள் கை கறுத்தாலும், மணம் மூக்கைத் துளைத்தாலும் அது இலையின் வேலையன்று. உள்ளடக்கம் எழுதப்படாத கூம்புகளை வாங்காதிருத்தல் நன்று. இட்டபின் எரிச்சல் தோன்றினால் உடனே நிறைய நீரிற் கழுவி வைத்தியரை நாடுக. கைமருந்து பூசிக் காலம் கடத்தற்க. பின்னாளில் எந்த மயிர்ச் சாயத்தையும் தொடுமுன் அந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்க.

தூய இலைக்கும் ஓர் எல்லையுண்டு. ஜி-6-பி-டி என்னும் நொதியம் குறைவாக உள்ள கைக்குழந்தைகளின் உடலில் மருதோன்றியைப் பரவலாகப் பூசியதால் செங்குருதிக் கலங்கள் சிதைந்து, கடுமையான மஞ்சட் காமாலையும் குருதிச் சோகையும் ஏற்பட்டமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. பச்சிளங் குழந்தையின் கைகால்களைச் சிவக்கவைக்கும் ஆசையை மூத்தோர் சில ஆண்டுகள் ஒத்திவைத்தல் அறிவுடைமை. தேசிக்காயும் அத்தகையதே. குழம்பிற் புளிப்புக்குச் சேர்ப்பது வேறு. முகத்தில் நேரே தேய்த்துக்கொண்டு வெயிலிற் செல்வது வேறு. தேசிச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்பட்டதுபோற் புண்ணும் கருந்தழும்பும் உண்டாகும். கிழக்குக் கரையின் வெயிலைச் சொல்லவும் வேண்டுமோ! தோலுக்குப் பயற்றமாவும் நீரும் போதும். நண்பகல் வெயிலுக்குக் குடையே முதன்மையான அழகுப்பொருள்.

வெண்மை தருவதாகக் கூறும் களிம்புகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுட் சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் வைத்தியர் குறிப்பின்றிப் பாவிக்கலாகாத ஸ்ரீரொயிட் மருந்தும் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் கையிலிருந்தும் துணியிலிருந்தும் மடியிலிருக்கும் பிள்ளைக்கும் செல்லும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளை ஒழிக்குமாறு நாடுகளைப் பணிக்கின்றது. சட்டம் கடையைத் தடுக்கலாம். மணப்பெண்ணின் நிறத்தைக் கேட்கும் நாவை யார் தடுப்பது? அந்தக் கேள்வி வீடுகளில் எழாதிருக்குமாயின் அந்தக் களிம்பும் விலைபோகாது.

மருதோன்றி வேறொரு பாடம் சொல்கின்றது. அது யாருடைய நிறத்தையும் மாற்ற முயல்வதில்லை. வெளிறிய கையிலும் கரிய கையிலும் அதன் சிவப்பு ஒருங்கே அழகு. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ்ப் பெண்கள் கைகளிலும் அதே சிவப்பு. இலை வேண்டும்போது வேலிக்கு இனமில்லை.

இன்னொன்று: இரு கைகளிலும் மருதோன்றி இட்ட பெண் தானே உண்ண முடியாது, தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாது, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கவும் முடியாது. உம்மா சோறு ஊட்டவேண்டும். ராத்தா தலையணையைச் சரிசெய்யவேண்டும். "கையை ஆட்டாத புள்ள" என்று உம்மம்மா அருகிருந்து காக்கவேண்டும். மருதமுனைத் தறியிலும், பன்பாயிலும், அடுப்படியிலும் ஆண்டு முழுவதும் ஓயாத கைகளுக்கு அந்த ஓர் இரவுதான் ஓய்வு. அரை மணியிற் கறுக்கும் குழம்பு இந்த ஓய்வையும், இந்தப் பரிவையும் சேர்த்தே கழுவிவிடுகின்றது.

ஆகவே, வீட்டின் வேலியோரத்தில் ஒரு மருதோன்றிக் கொம்பை நட்டு வையுங்கள். அடுத்த பெருநாளிரவில் பிள்ளைகளை அருகழைத்து அமர்த்துங்கள். சிவப்பதற்குச் சிறிது நேரமாகும். பொறுத்திருங்கள், அந்தச் சிவப்பினால் கை புண்ணாவது மிக அரிது.