பெட்டிக்குள் மூன்று விவரம்

கல்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டால், அடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் வீட்டுக்குள் ஈரம் ஏறும். பரண்மேல் தகரப்பெட்டி. அதற்குள் அப்பா வாங்கிய நிலத்தின் பத்திரம். திறந்தால், மடிப்பெல்லாம் கரையான். கை நடுங்கத்தான் செய்யும்.

பதறாதீர்கள். பதிவான பத்திரம் என்றால், அதன் பிரதி சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். மனுப் போட்டுக் கட்டணம் கட்டினால், கையெழுத்தும் முத்திரையும் வைத்துச் சான்றிட்ட நகல் தருவார்கள். வெறும் ஜெராக்ஸ் வேறு; சான்றிட்ட நகல் வேறு. மூலப்பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி இந்த நகல் கோர்ட்டிலும் சாட்சி.

கேட்கப் போகும்போது மூன்று விவரம் வேண்டும். பத்திர எண், வருடம், பதிவான அலுவலகம். இது தெரியாமல் வயதானவர்கள் பஸ் ஏறி அலைவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. எண் தெரியவில்லையா? சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று வாங்குங்கள். அதில் இருக்கும்.

கச்சிராயபாளையம் இருக்கும் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். பழைய பத்திரத்தில் விழுப்புரம் மாவட்டம் என்று இருந்தாலும் கவலை வேண்டாம், அது செல்லும்.

இன்று சாயங்காலமே பெட்டியை இறக்குங்கள். பத்திர எண், வருடம், அலுவலகம். மூன்றையும் பிள்ளையின் நோட்டில் எழுதி வையுங்கள்.